சாருலதாவின் தூரக்கண்ணாடியும் அரைக் கிலோ லென்சும்

சத்யஜித் ராயின் ‘சாருலதா’ 1964இல் வெளிவந்தது. படம் தொடங்கிச் சில நிமிடங்களுக்கு ஏறக்குறைய பேச்சே கிடையாது. பெரிய வீட்டில் பொழுது போகாமல் இருக்கும் சாரு, கைப்பிடி வைத்த சிறு தூரக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு ஜன்னல் ஜன்னலாக ஓடித் தெருவில் போகிறவர்களைப் பார்க்கிறாள். பிறகு கணவன் பூபதி புத்தகத்தில் மூழ்கியபடி, அவள் நிற்பதைக் கவனிக்காமலே கடந்து போகிறான். விலகிப் போகும் அவனையும் அவள் அதே கண்ணாடியால் பார்க்கிறாள். கண்ணாடி பிடித்த கை தாழும்போது சட்டகம் சட்டென்று விரிய, சாரு நம்மிடமிருந்து தூரமாகிறாள்.

அந்தக் காட்சியில் இரண்டு ஒளியியல் கருவிகள் வேலை செய்கின்றன. ஒன்று சாருவின் கையில் இருக்கிறது. மற்றொன்று அவளைப் படம்பிடிக்கும் கேமராவில் பொருத்திய ஜூம் லென்ஸ். சாருவின் கண்ணாடி 1600களின் தொடக்கத்தில் கலிலியோ பயன்படுத்திய தொலைநோக்கியின் வாரிசு: முன்னால் ஒரு குவிலென்ஸ், கண்ணருகே ஒரு குழிலென்ஸ். கேமரா லென்சின் உள்ளமைப்பு அதைவிடப் பல மடங்கு சிக்கலானது. என்றாலும் தூரத்தில் இருப்பதைச் சிறிய குழாய்க்குள் கொண்டுவர அதுவும் குவியையும் குழியையும்தான் நம்பியிருக்கிறது. இன்று பழைய கேமராக் கடைகளில் சிலர் தேடி அலையும் 75–150 மில்லிமீட்டர் ஜூம் லென்ஸ்களின் சிறிய உருவத்துக்கும் இந்த ஜோடிதான் காரணம்.

அவற்றைத் தேடத் தொடங்க டாலிகஞ்ச் பொருத்தமான இடம். தென் கொல்கத்தாவின் இந்தப் பகுதிதான் வங்காள சினிமாவின் வீடு. பி.என். சர்க்கார் 1931இல் நியூ தியேட்டர்ஸ் நிறுவனத்தை இங்கே தொடங்கினார். டெக்னீஷியன்ஸ், இந்திரபுரி என்று மற்ற ஸ்டூடியோக்களும் இங்கே எழுந்தன. சென்னையில் ஸ்டூடியோக்கள் வேரூன்றும் முன்பு தமிழ்ப் படத் தயாரிப்பாளர்கள் கலைஞர்களை ரயிலேற்றிக் கல்கத்தாவுக்கு அழைத்துவந்து படமெடுத்த காலமும் உண்டு. இந்தியாவில் பணியாற்றிய அமெரிக்க ஒலிப்பதிவாளர் வில்ஃபோர்ட் டெமிங் 1932இல் ‘அமெரிக்கன் சினிமட்டோகிராஃபர்’ இதழில் எழுதியபோது, டாலிகஞ்ச் என்ற பெயரை ஹாலிவுட்டோடு இணைத்து ‘டாலிவுட்’ என்று குறிப்பிட்டார். இந்தியத் திரையுலகங்களுக்கு ‘வுட்’ சேர்த்துப் பெயரிடும் பழக்கத்துக்கு அதுவே முன்னோடி.

அதே 1932இல்தான் இங்கிலாந்தின் டெய்லர், டெய்லர் அண்ட் ஹாப்சன் நிறுவனம் பெல் அண்ட் ஹோவெலுக்காக ‘குக் வாரோ’ லென்சைத் தந்தது. 35 மி.மீ. சினிமாவுக்கான முதல் ஜூம் லென்ஸ்களில் ஒன்றான அது 40 முதல் 120 மி.மீ. வரை மாறக்கூடியது. வடிவமைத்தவர் ஆர்தர் வார்மிஷாம். கனமும் விலையும் மிகுந்த அந்தக் கருவி, பெரிய ஸ்டூடியோவின் நிலையான தாங்கியில் மட்டுமே வேலைக்கு ஆனது. தோளில் தொங்கும் பையில் போட்டுக்கொள்ளும் ஜூம் லென்சுக்கு உலகம் இன்னும் 40 ஆண்டுகளுக்கு மேல் காத்திருக்க வேண்டியிருந்தது.

அதற்குக் காரணம் புரிய, முதலில் ஓர் எளிய லென்சைப் பார்ப்போம். அதன் குவியத்தூரம் 200 மி.மீ. என்றால், தொலைவில் உள்ள பொருளின் பிம்பம் லென்சுக்குப் பின்னால் 200 மி.மீட்டரில் விழும். அதிக உருப்பெருக்கம் வேண்டுமானால் குவியத்தூரம் கூட வேண்டும். குவியத்தூரம் கூடினால் குழாயும் நீளும். 1928இல் சி.வி. ராமன் கல்கத்தாவின் பௌபஜாரில் இருந்த இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தில் புகழ்பெற்ற ஒளிச்சிதறல் சோதனையைச் செய்தபோது, சூரிய ஒளியைக் குவிக்க 18 செ.மீ. விட்டமும் 230 செ.மீ. குவியத்தூரமும் கொண்ட தொலைநோக்கி லென்சைப் பயன்படுத்தினார். அதையடுத்து 5 செ.மீ. குவியத்தூரமுள்ள இரண்டாவது லென்ஸ் இருந்தது. முதல் லென்ஸ் தனியாக ஒளியைக் குவித்து முடிக்க இரண்டு மீட்டருக்கு மேல் இடம் வேண்டும். ஆய்வுக்கூடத்தில் அந்த இடத்தை ஒதுக்கலாம், கழுத்தில் தொங்கும் கேமராவில் முடியாது.

இந்தச் சிக்கலுக்கு 1891இல் ஒரே சமயத்தில் விடை கிடைத்தது. இங்கிலாந்தில் தாமஸ் டால்மேயரும் ஜெர்மனியில் அடால்ஃப் மீதேவும் தனித்தனியாக டெலிஃபோட்டோ அமைப்பைக் கேமராவுக்குக் கொண்டுவந்தார்கள். கெப்ளர் 1611இல் எழுதிய ‘டயாப்ட்ரிஸ்’ நூலிலேயே குவியும் குழியும் சேர்ந்து பெரிய பிம்பத்தைத் திரையில் விழச் செய்வது பற்றி விளக்கியிருந்தார். அதைப் புகைப்படத் தகட்டுக்கு முன்னால் வைத்துப் பயன்படுத்தத்தான் இருநூற்றெண்பது ஆண்டுகள் ஆயின.

பள்ளிக்கூடக் கணக்கே இதை விளக்கிவிடும். முன்னால் 100 மி.மீ. குவியத்தூரமுள்ள குவிலென்ஸ். அதற்கு 50 மி.மீ. பின்னால், அதே வலிமையுள்ள குழிலென்ஸ். குவிலென்ஸ் ஒளியை வேகமாக ஒடுக்குகிறது. குழிலென்ஸ் அந்த ஒடுக்கத்தைத் தளர்த்துகிறது. தளர்ந்த கதிர்கள் குழிலென்சிலிருந்து 100 மி.மீ. தள்ளிப் பிம்பம் அமைக்கின்றன. சேர்க்கையின் குவியத்தூரம் 200 மி.மீ. ஆனால் முன்கண்ணாடியிலிருந்து ஃபிலிம் வரை மொத்த நீளம் 150 மி.மீ.தான். கால் பங்கு நீளம் மிச்சம்.

இப்போது இரண்டு லென்ஸ்களையும் சற்று நெருக்கி, இடைவெளியை 40 மி.மீ. ஆக்கினால் குவியத்தூரம் 250 ஆக உயர்கிறது. விலக்கி 60 ஆக்கினால் ஏறத்தாழ 167 ஆகக் குறைகிறது. இருபது மில்லிமீட்டர் நகர்த்தலில் குவியத்தூரம் ஒன்றரை மடங்கு மாறிவிட்டது. ஜூம் லென்சின் கரு இதுதான்.

ஆனால் இதில் ஒரு வில்லங்கம் உண்டு. இடைவெளி 50 ஆக இருந்தபோது பிம்பம் முன்கண்ணாடியிலிருந்து 150 மி.மீட்டரில் விழுந்தது. 40 ஆனதும் அது 190க்கு ஓடிவிடுகிறது. 60 ஆனதும் 127க்குச் சுருங்குகிறது. ஃபிலிம் இருந்த இடத்திலேயே இருக்கிறது, பிம்பமோ முன்னும் பின்னும் அலைகிறது. ஒவ்வொரு முறை ஜூம் செய்யும்போதும் படம் மங்கிப்போகும். அந்த அலைச்சலை அடக்க இன்னொரு லென்ஸ் தொகுதியும் கூடவே நகர வேண்டும், அதுவும் முதல் தொகுதியின் வேகத்தில் அல்ல, தனக்கென்று வகுத்த வளைந்த பாதையில். பித்தளை அல்லது அலுமினியக் குழாயில் துல்லியமாக வெட்டிய வளைகாடி அந்தப் பாதையைத் தருகிறது. காடியில் நூலளவு தேய்மானம் வந்தாலும் ஃபோகஸ் நழுவும்.

1970களின் உன்னதமான டெலிஃபோட்டோ ஜூமைப் பிரித்துப் பார்த்தால் நான்கு தொகுதிகள் தெரியும். முன்னால் ஃபோகஸ் செய்யும் குவித் தொகுதி. அதன்பின் உருப்பெருக்கத்தை மாற்றும் வலுவான குழித் தொகுதி. மூன்றாவது, பிம்ப அலைச்சலை ஈடுசெய்யும் தொகுதி. கடைசியாக, அசையாமல் நின்று ஒளியை ஃபிலிமுக்கு அனுப்பும் குவித் தொகுதி. துளை என்று சொல்லப்படும் அபர்ச்சர் பெரும்பாலும் இந்தக் கடைசித் தொகுதியோடு இருக்கும். முன்னால் என்ன நகர்ந்தாலும் துளைக்குப் பின்னால் எதுவும் மாறாது. அதனால்தான் அந்தக் கால ஜூம்கள் பலவற்றில் 75இல் துளையளவு எஃப்/4 என்றால் 150இலும் எஃப்/4 கிடைக்கிறது.

இதற்கெல்லாம் கண்ணாடி வேண்டும், அதுவும் பல வகைக் கண்ணாடி. ஒரே வகைக் கண்ணாடியில் சிவப்பும் நீலமும் வெவ்வேறு இடத்தில் குவியும். டெலிஃபோட்டோ அமைப்பு பிம்பத்தைப் பெரிதாக்கும்போது இந்த நிறப்பிறழ்ச்சியையும் சேர்த்தே பெரிதாக்குகிறது. அதனால் ஒவ்வொரு தொகுதியிலும் நிறப்பிரிகை குறைந்த கிரௌன் கண்ணாடியையும் நிறப்பிரிகை அதிகமான ஃபிளின்ட் கண்ணாடியையும் ஒட்டி, ஒன்றின் குறையை மற்றொன்று தீர்க்கும்படி செய்கிறார்கள். ஜன்னல் கண்ணாடிக்கும் ஒளியியல் கண்ணாடிக்கும் உள்ள தூரம் மிகப் பெரியது. ஒரே கட்டிக்குள் ஒளிவிலகல் எண் ஐந்தாம் தசம இடம்வரை மாறாமல் இருக்க வேண்டும்; குமிழி, வரி, இரும்பின் பச்சைச் சாயல் எதுவும் கூடாது; உருகிய பின் மிக மெதுவாக ஆற வேண்டும்.

இந்தியா அந்தக் கலையைக் கற்றது டாலிகஞ்சின் அண்டைப் பகுதியான ஜாதவ்பூரில்தான். 1950இல் தொடங்கிய மத்தியக் கண்ணாடி மற்றும் பீங்கான் ஆராய்ச்சி நிறுவனத்தில், அதன் இயக்குநராக இருந்த ஆத்மா ராம் தலைமையில் ஒளியியல் கண்ணாடி உருவாக்கும் முறை உள்நாட்டிலேயே உருப்பெற்றது. அதைக் கைவசம் வைத்திருந்த சில நாடுகள் அதன் செய்முறையைக் கட்டிக் காத்த காலம் அது. ஆத்மா ராமின் பெயர் இந்திய அறிவியல் வரலாற்றில் நிலைத்திருப்பதற்கு இந்தப் பணியே முதற்காரணம். ராய் தம் அரங்குகளில் ஜூம் லென்சை முடுக்கிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், சில கிலோமீட்டர் தள்ளி அந்த உலைகள் எரிந்துகொண்டிருந்தன.

ஜூமைக் கண்டு அன்றைய ஒளிப்பதிவாளர்கள் பலர் முகம் சுளித்ததற்குக் காரணம் இருந்தது. தண்டவாளத்தில் டிராலியைத் தள்ளிக்கொண்டு போனால் அருகில் உள்ள தூண் வேகமாகப் பெரிதாகும், தொலைவில் உள்ள சுவர் மெதுவாகப் பெரிதாகும். பார்ப்பவர் அந்த இடத்துக்குள் நடந்து போவதாக உணர்வார். ஜூமில் தூணும் சுவரும் ஒரே விகிதத்தில் பெரிதாகின்றன. கேமரா நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை என்பதால் காட்சியின் ஆழ அமைப்பு மாறுவதே இல்லை. நடையின் உணர்வு வராது. சாருலதாவின் அந்த ஜூம் அப்படியே இந்தக் குறையைப் பொருளாக மாற்றிவிடுகிறது. யாரும் எங்கும் நடக்காமலே ஒரு பெண்ணுக்கும் உலகத்துக்கும் நடுவில் தூரம் கூடுவதை வேறெப்படிக் காட்ட முடியும்? 1960களில் கேமராவைத் தாமே இயக்கத் தொடங்கியிருந்த ராய், எந்த அசைவு எதற்கு என்பதைத் துல்லியமாக அறிந்திருந்தார். 1965 பெர்லின் விழாவில் இந்தப் படத்தின் இயக்கத்துக்காக அவருக்கு வெள்ளிக் கரடி கிடைத்தது.

சினிமாவில் ஓடிய ஜூம், புகைப்படக் கேமராவுக்கு வரத் தாமதமானது. அசையும் படத்தில் ஒவ்வொரு சட்டகமும் நொடியின் 24இல் ஒரு பங்குதான் திரையில் நிற்கும். சிறு மங்கல் தெரியாது. புகைப்படத்தை மனிதர்கள் கையில் வைத்து நிதானமாகப் பார்ப்பார்கள். 35 மி.மீ. புகைப்படக் கேமராவுக்கான முதல் ஜூம் 1959இல் வந்தது: ஃபிராங்க் பேக் வடிவமைத்த, 36–82 மி.மீ. எஃப்/2.8 வோய்க்லாண்டர் ஜூமார். தொலைக்காட்சிக்கான ஜூம் லென்ஸ்களை 1940களில் உருவாக்கிப் பெயர் பெற்றவர் அவர். அந்த லென்சின் முகத்தில் மாட்ட 95 மி.மீ. ஃபில்டர் வேண்டும். டீ டம்ளரின் வாயைவிட அகலமான கண்ணாடி அது.

வடிவமைப்பாளர்களைத் தடுத்தவை இரண்டு. முதலாவது கணக்கு. ஒவ்வொரு கண்ணாடிப் பரப்பிலும் ஒளிக்கதிர் எப்படித் திரும்புகிறது என்பதை ஒவ்வொரு குவியத்தூரத்துக்கும் தனித்தனியாகக் கணக்கிட வேண்டும். கையால் செய்தால் மாதக்கணக்காகும் அந்த வேலையை 1950களிலிருந்து கணினிகள் ஏற்றுக்கொண்டன.

இரண்டாவது எதிரொளிப்பு. பூச்சில்லாத கண்ணாடிப் பரப்பு ஒவ்வொன்றும் தன்மீது விழும் ஒளியில் சுமார் 4 விழுக்காட்டைத் திருப்பி அனுப்பிவிடும். காற்றைத் தொடும் பரப்புகள் 20 இருந்தால், உள்ளே போன ஒளியில் 44 விழுக்காடுதான் ஃபிலிமை அடையும். மீதி, குழாய்க்குள் அலைந்து படத்தை வெளிறச் செய்யும். ஒவ்வொரு பரப்பிலும் இழப்பை 1 விழுக்காடாகக் குறைத்தால் 82 விழுக்காடு ஒளி போய்ச் சேரும். ஜெய்ஸ் நிறுவனத்தின் அலெக்சாண்டர் ஸ்மாகுலா 1935இல் உருவாக்கிய எதிரொளிப்புத் தடுப்புப் பூச்சு இதைத் தொடங்கிவைத்தது. 1971இல் பென்டாக்ஸ் கொண்டுவந்த பல அடுக்குப் பூச்சு அதை வெகுதூரம் முன்னே தள்ளியது. அதன்பிறகுதான் பன்னிரண்டு, பதினைந்து கண்ணாடிகளைத் தயங்காமல் ஒரே குழாயில் அடுக்க முடிந்தது.

அதற்குள் 80–200 மி.மீ. என்ற அளவு பிரபலமாகியிருந்தது. 1970 வாக்கில் வந்த நிகானின் 80–200 எஃப்/4.5 பத்திரிகைப் புகைப்படக்காரர்களின் நம்பிக்கையைப் பெற்ற முதல் ஜூம்களில் ஒன்று. ஆனால் எடை ஏறத்தாழ 800 கிராம். 1970களின் நடுவில் வந்து பெரும்புகழ் பெற்ற விவிட்டார் சீரீஸ் 1 வரிசையின் 70–210 எஃப்/3.5 நல்ல கூர்மை தந்தது, அதுவும் கனமானதுதான். பழைய லென்ஸ் தேடிப் போகிறவர்கள் பெரும்பாலும் இந்தப் பெயர்களைத்தான் முதலில் கேட்கிறார்கள், கையில் வாங்கிப் பார்த்ததும் தயங்குகிறார்கள்.

உண்மையில் சிறிய லென்ஸ் வேண்டுமென்றால் அடுத்த படிக்குப் போக வேண்டும். 1972இல் யோஷிஹிசா மைதானி வடிவமைத்த ஒலிம்பஸ் எம்-1 (பிறகு ஓஎம்-1) சிறு கேமராக்களின் போட்டியைத் தொடங்கிவைத்தது. பென்டாக்ஸ் தன் எம் வரிசையோடு பின்தொடர்ந்தது. கேமரா சுருங்கியபின் அதன் முன்னால் முக்கால் கிலோ லென்ஸ் தொங்குவது பொருந்தவில்லை. அதனால் 75–150 மி.மீ. என்ற எளிய அளவில் ஒரு குடும்பம் பிறந்தது: ஒலிம்பஸ் ஜூய்க்கோ 75–150 எஃப்/4, பென்டாக்ஸ்-எம் 75–150 எஃப்/4, மினோல்டா எம்டி 75–150 எஃப்/4, 1980இல் நிகான் சீரீஸ் ஈ 75–150 எஃப்/3.5. நான்கின் எடையும் 440 முதல் 520 கிராமுக்குள். முதல் மூன்றுக்கும் 49 மி.மீ. ஃபில்டர், நிகானுக்கு 52.

இவ்வளவு சிறியதாக இருப்பதன் ரகசியம், வடிவமைப்பாளர்கள் எதைக் கேட்காமல் விட்டார்கள் என்பதில் இருக்கிறது. குவியத்தூரத்தை எஃப் எண்ணால் வகுத்தால், ஒளி நுழையும் வாயிலின் விட்டம் வரும். 200 மி.மீ. எஃப்/2.8க்கு அது 71 மி.மீ. 200 எஃப்/4க்கு 50. 150 எஃப்/4க்கு 37.5 மட்டும். விட்டம் பாதியானால், அதே வடிவமுள்ள கண்ணாடியின் கனம் எட்டில் ஒரு பங்காகிறது. தவிர, இரண்டு மடங்கு ஜூமுக்கு நகரும் தொகுதி அதிக தூரம் ஓட வேண்டியதில்லை. ஓட்டம் குறைந்தால் குழாய் குறுகும். பிழைகளும் அடக்கமாக இருக்கும், அவற்றைத் திருத்தும் கண்ணாடிகளும் குறையும். 200இலிருந்து 150க்கு இறங்குவதால் பிம்பத்தின் அளவில் கால் பங்குதான் நட்டம். அதற்கு ஈடாகப் பையில் கிட்டத்தட்டப் பாதி எடை குறைகிறது. இன்றைய 70–200 எஃப்/2.8 லென்ஸ்கள் ஒரு கிலோவைத் தாண்டுபவை என்பதை நினைத்தால் இந்தப் பேரம் எவ்வளவு லாபமானது என்று புரியும்.

இந்த லென்ஸ்களில் பலவற்றுக்கு ஒரே வளையம்தான். திருகினால் ஃபோகஸ், முன்னும் பின்னும் தள்ளினால் ஜூம். இடக்கை ஒரே அசைவில் இரண்டையும் செய்துவிடும். நகரும் மனிதர்களைப் படமெடுப்பவர்களுக்கு இது வரம். ஆனால் வளையத்தைப் பிடித்து நிறுத்துவது உராய்வு ஒன்றுதான். நாற்பது ஆண்டுகளில் அது தேய்ந்தால், லென்சைத் தரையை நோக்கித் தாழ்த்தியதும் வளையம் தானே சரியும். சீரீஸ் ஈ 75–150 இந்தச் சரிவுக்குப் பேர்போனது. கண்ணாடியின் தரத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை என்பதால், தெரிந்தவர்கள் இதைக் காட்டி விலையைக் குறைத்து வாங்குகிறார்கள். உள்ளே சிறு பட்டை ஒட்டிச் சரிசெய்து கொள்கிறார்கள்.

கொல்கத்தாவில் தேடுகிறவர் டாலிகஞ்சில் மெட்ரோ ஏறினால் போதும். மகாநாயக் உத்தம் குமார் என்று வங்காளத்தின் பெருநடிகர் பெயரைத் தாங்கிய அந்த நிலையத்திலிருந்து வடக்கே போகும் வண்டி, காளிகாட், ரவீந்திர சதன், பார்க் ஸ்ட்ரீட் தாண்டி எஸ்பிளனேடில் நிற்கும். பழைய மெட்ரோ சினிமாவை ஒட்டிய ‘மெட்ரோ கலி’ சந்தில் கேமராக் கடைகள் நெருங்கி இருக்கின்றன. அடுத்த நிலையமான சாந்தினி சௌக் மின்பொருள் கடைகளுக்குப் பெயர் பெற்றது.

கடையில் லென்ஸ் கைக்கு வந்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை, துளையை முழுதாகத் திறந்து, பின்பக்கத்திலிருந்து சிறு டார்ச் வெளிச்சம் அடித்து, முன்பக்கத்தில் சாய்த்துப் பார்ப்பது. கொல்கத்தாவில் இதைச் செய்யாமல் எந்த லென்சையும் வாங்கக்கூடாது. ஜூனிலிருந்து செப்டம்பர் வரை இந்த நகரத்தின் காற்றில் ஈரப்பதம் 80 விழுக்காட்டைத் தாண்டி நிற்கும் நாட்கள் ஏராளம். பூஞ்சையின் வித்துகள் காற்றில் எங்கும் உண்டு. ஈரப்பதம் 60–70 விழுக்காட்டைக் கடந்து நீடித்தால், லென்சுக்குள் படிந்த தூசியையும் எண்ணெய்ப் பசையையும் உணவாகக் கொண்டு அவை முளைக்கின்றன. சிலந்தி வலைபோலக் கிளைத்த மெல்லிய நூல்கள் தெரிந்தால் அது பூஞ்சைதான். அது சுரக்கும் அமிலங்கள் பூச்சை அரிக்கும். நாளானால் கண்ணாடியையே அரிக்கும். பூஞ்சையைத் துடைத்தாலும் அரித்த தடம் போகாது.

இதில் ஜூம் லென்ஸ் மற்ற லென்ஸ்களைவிட எளிதாக மாட்டிக்கொள்கிறது. வளையத்தை ஒவ்வொரு முறை தள்ளி இழுக்கும்போதும் உள்ளே இருக்கும் காற்று வெளியேறி, வெளிக்காற்று தூசியோடும் ஈரத்தோடும் உள்ளே வருகிறது. தொகுதிகளுக்கு நடுவே காற்றிடமும் அதிகம். அதனால் கொல்கத்தாவில் மட்டுமல்ல, சென்னையிலும் யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் வாங்குகிறவர்கள் நடுத் தொகுதிகளைத்தான் கூர்ந்து பார்க்க வேண்டும். முன்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பது பழுதுபார்ப்பவருக்குச் சுலபம். நடுத் தொகுதியைப் பிரித்தால் அதைப் பழைய மையத்தில் உட்கார வைப்பது பெரிய வேலை.

பூஞ்சைக்கு அடுத்தது, ஒட்டுக் கண்ணாடிகளின் பசை விட்டுப்போவது. ஓரத்தில் வானவில் நிறத்தில் பிறை போன்ற கறை தெரியும். அதைச் சரிசெய்யும் செலவு லென்சின் விலையைத் தாண்டும். துளையின் இதழ்களில் எண்ணெய் மினுமினுக்கிறதா, நெம்புகோலை அசைத்தால் இதழ்கள் உடனே மூடித் திறக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். குழாயை மெதுவாக ஆட்டிப் பார்க்க வேண்டும். ஆட்டம் இருந்தால் வளைகாடி தேய்ந்திருக்கிறது. கடைசிச் சோதனை எளியது, ஆனால் பலர் செய்வதில்லை: 150இல் வைத்துத் தெருவின் கோடியில் உள்ள பெயர்ப்பலகையை ஃபோகஸ் செய்து, வளையத்தைத் திருகாமல் 75க்கு இழுத்துப் பார்க்க வேண்டும். பலகை அங்கும் கூர்மையாக இருந்தால் உள்ளே இருக்கும் தொகுதிகள் எல்லாம் தம் பாதையில் சரியாக ஓடுகின்றன என்று பொருள்.

வாங்கியபின் பாதுகாப்பது பெரிய காரியமல்ல. தோலுறையில் போட்டு அலமாரியில் வைப்பதுதான் மிகப் பெரிய தவறு. தோல் ஈரத்தை உறிஞ்சிப் பிடித்துவைக்கும். காற்றுப்புகாத பிளாஸ்டிக் டப்பா, உள்ளே சிலிகா ஜெல், ஈரமானி ஒன்று, அவ்வளவுதான். 40 முதல் 50 விழுக்காடு ஈரப்பதம் போதும். நிறம் மாறும் சிலிகா ஜெல்லைச் சூடாக்கி உலர்த்தி மறுபடியும் பயன்படுத்தலாம். அடிக்கடி வெளியே எடுத்துப் பயன்படுத்தும் லென்சில் பூஞ்சை குறைவாகவே பிடிக்கிறது.

ஆட்டோஃபோகஸ் வந்த 1985க்குப் பிறகு இந்தக் குடும்பம் ஒதுக்கப்பட்டது. கையால் ஃபோகஸ் செய்யும் 75–150 வேண்டாத பொருளாயிற்று. அதை மீட்டது மிரர்லெஸ் கேமரா. பழைய கேமராவில் லென்சுக்கும் ஃபிலிமுக்கும் நடுவே எதிரொளிக்கும் கண்ணாடி (மிரர்) ஒன்று மேலெழும்பி இறங்க இடம் வேண்டும். நிகான் எஃப் அமைப்பில் அந்த இடைவெளி 46.5 மி.மீ. மிரர்லெஸ்ஸில் அந்தக் கண்ணாடியே இல்லை. சோனி ஈ அமைப்பில் இடைவெளி 18 மி.மீ. மட்டும். இரண்டுக்கும் நடுவே உள்ள 28.5 மி.மீட்டரை ஒரு வெற்று உலோக வளையம் நிரப்பினால் பழைய லென்ஸ் பழையபடியே தொலைவுவரை ஃபோகஸ் ஆகும். அடாப்டர் என்று விற்பது அந்த வளையம்தான். அதற்குள் கண்ணாடி எதுவும் தேவையில்லை. திரையில் பிம்பத்தைப் பெரிதாக்கிப் பார்த்து ஃபோகஸ் செய்ய முடிவதால், அந்தக் காலத்தில் கண்ணால் பிடித்ததைவிடத் துல்லியமாகவே இன்று பிடிக்க முடிகிறது.

ஏபிஎஸ்-சி அளவு சென்சாரில் 150 மி.மீ. லென்ஸ் 225 மி.மீ. தருகிற பார்வைக் கோணத்தைத் தரும். டாலிகஞ்சை அடுத்த ரவீந்திர சரோவர் ஏரியில் துடுப்புப் படகோட்டிகளைக் கரையிலிருந்து பிடிக்க அது போதும். மரக்கிளையின் உச்சியில் இருக்கும் சிறு பறவைக்குப் போதாது. துர்கா பூஜை நாட்களில் பந்தலின் நெரிசலுக்குப் பின்னால் நின்றபடி தேவியின் முகத்தை மட்டும் எடுக்க 75–150க்கு இணையான அளவு அரிது, நிகானின் எஃப்/3.5 அங்கே கை கொடுக்கும். வெளிச்சத்துக்கு எதிரே இருக்கும் கிளைகளின் ஓரத்தில் ஊதா விளிம்பு வரும், துளையை எஃப்/5.6க்கோ 8க்கோ சுருக்கினால் படம் இன்னும் கூர்மையாகும், விளிம்பும் ஓரளவு அடங்கும். கேமராவுக்குள் கை நடுக்கத்தைக் குறைக்கும் வசதி இருந்தால் ஒன்றை மறக்கக்கூடாது: பழைய லென்ஸ் தன் குவியத்தூரத்தைக் கேமராவுக்குச் சொல்லாது. எடுப்பவர்தான் அந்த எண்ணைக் கேமராவின் மெனுவில் உள்ளிட வேண்டும். வளையத்தை 75இலிருந்து 150க்குத் தள்ளினால் எண்ணையும் மாற்ற வேண்டும், இல்லையென்றால் சென்சார் தவறான அளவில் அசைந்து படத்தை மேலும் கலைத்துவிடும்.